மூடிய கைக்குள் ஒரு பந்து

"கொலை வழக்கில் உள்ளே போனவன் வெளியே வரும்போது நிஜமாகவே திருந்தியிருப்பானா, இல்லை நாம்தான் அப்படி நம்பி ஏமாறுகிறோமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேள்விக்குள் கோபமும் இருந்தது, நியாயமான கோபம்தான். செத்தவருக்கு யார் மறுவாழ்வு கொடுப்பது என்று கேட்டால் அறிவியலிடம் பதில் கிடையாது. திருந்துவது என்று ஒன்று நடக்கிறதா, நடந்தால் எப்படி என்று கேட்டால் ஓரளவு சொல்லும்.

முதலில் தலையெழுத்து. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ அதை மண்டையோட்டிலேயே தேடினார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, தாடையையும் நெற்றியையும் பார்த்தே சொல்லிவிடலாம் என்று 1876இல் புத்தகமே போட்டார். கைரேகை பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, என்ன, இவர் கையில் அளவுகோல் இருந்தது. கடைசியில் அவருடைய தலையே டூரின் நகர அருங்காட்சியகத்தில் ஜாடிக்குள் இருக்கிறது. அந்தக் கொள்கையை ஆய்வாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், நாம்தான் "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் 1974இல் வேறொரு பக்கத்திலிருந்து ஒரு அடி. அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன் 231 ஆய்வுகளை அலசிவிட்டு, சிறைச் சீர்திருத்தத் திட்டங்களில் எதுவும் பெரிதாகப் பலன் தரவில்லை என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். அரசியல்வாதிகளுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆனது. 1979இல் அவரே அதைப் பெருமளவு மாற்றிக்கொண்டார், அதைக் காதில் வாங்கியவர்கள்தான் குறைவு.

வயது விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் குற்றம் உச்சத்துக்குப் போய் அப்புறம் சரிகிறது, இதை 1831லேயே கெத்தலே என்ற பெல்ஜியக்காரர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களைப் பற்றித் திரட்டிய தகவல்கள் ஹார்வர்ட் நூலக அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. சாம்ப்சன், லாப் என்ற இருவர் அவற்றைத் தோண்டி எடுத்து, அந்த ஆட்களின் வாழ்க்கையை 70 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். மோசமானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோருமே எப்போதோ ஒரு கட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். கல்யாணம், நிலையான வேலை, ராணுவம் என்று பழைய கூட்டாளிகளிடமிருந்து பிரித்த எதுவும் உதவியிருந்தது.

சரி, வயதாகும்வரை காத்திருக்காமல் ஏதாவது செய்ய முடியுமா? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சிகாகோவில் அடிதடி மலிந்த பகுதிப் பையன்களுக்கு ஒரு பயிற்சி. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுக்கிறார்கள். மற்றவனிடம் "30 விநாடிக்குள் அதை வாங்கு" என்கிறார்கள், அவ்வளவுதான். உடனே கையை முறுக்குவது, விரலைப் பிடுங்குவது, கட்டிப் புரள்வது. நேரம் முடிந்ததும் பயிற்சியாளர் கேட்கிறார்: "ஏம்பா, ஒருத்தனாவது 'கொஞ்சம் குடு'ன்னு கேட்டியா?" கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டான், என்னைக் கோழை என்று நினைத்திருப்பான் என்று பதில் வருகிறது. பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்பி "கேட்டிருந்தா?" என்கிறார். "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே."

கவனியுங்கள், அந்த 30 விநாடியில் அவன் கெட்டவனாக இருக்க முடிவு செய்யவில்லை, எந்த முடிவுமே செய்யவில்லை. எதிராளி தர மாட்டான் என்ற ஊகம் யோசனைக்கு முன்னாலேயே ஓடிக் கையை இயக்கிவிட்டது. அடித்தால்தான் பிழைக்கலாம் என்ற தெருவில் அந்த ஊகம் பலமுறை சரியாகவே இருந்திருக்கும், அதனால்தான் அது பழக்கமாக உறைந்தது. முறைப்பதெல்லாம் சவால், இடிப்பதெல்லாம் வேண்டுமென்றே செய்தது என்று மூளை தானாகவே படித்துக்கொள்கிறது. பயிற்சி அவனுக்கு நல்லொழுக்கம் போதிப்பதில்லை. தூண்டுதலுக்கும் கைக்கும் நடுவில் ஓரிரு விநாடி இடைவெளியைச் செருகி, "இவன் நிஜமாகவே என்ன நினைக்கிறான்?" என்று கேட்கப் பழக்குகிறது. குலுக்கல் முறையில் ஆள் பிரித்து நடத்திய சோதனைகளில், பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. சிறார் காவல் இல்லத்தில் இதே வகைப் பயிற்சி பெற்றவர்கள் திரும்ப உள்ளே வருவது 21 சதவீதம் குறைந்தது. வெளியில் கைதுகள் குறைந்தது மட்டும் பயிற்சி முடிந்த பிறகு நீடிக்கவில்லை.

நீடிக்க வைக்க என்ன வேண்டும் என்பதற்கு லைபீரியாவின் மன்ரோவியாவில் ஒரு துப்பு கிடைத்தது. திருட்டு, போதை, அடிதடி என்று திரிந்த 999 பேர். சிலருக்கு 8 வாரப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர், சிலருக்கு இரண்டும், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. பயிற்சியில் முடி வெட்டிக்கொண்டு, சுத்தமாக உடுத்திக்கொண்டு வங்கிக்கும் செல்போன் கடைக்கும் போய்ச் சாதாரண ஆளாக நின்று பேசிப் பழகுவதும் ஒரு பாடம். பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் தங்கவில்லை, பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் பெரும்பாலும் கரைந்தது. இரண்டும் பெற்றவர்கள் பத்து வருடம் கழித்தும் ஒன்றும் பெறாதவர்களைவிட ஏறக்குறைய பாதிக் குற்றம்தான் செய்தார்கள். புது ஆளாக வாழ்ந்து பார்க்கக் கொஞ்ச காலம் கிடைத்தது, அந்தக் காலத்தைப் பணம் வாங்கிக் கொடுத்தது என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1960களில் கனடாவின் ஓக் ரிட்ஜ் மனநலக் காப்பகத்தில் கைதிகளை மணிக்கணக்கில் மனம் திறந்து பேசவைத்தார்கள். மற்றவர்களுக்கு ஓரளவு உதவியது, மனசாட்சியே உறுத்தாத 'சைக்கோபாத்' வகையினரோ வெளியே வந்து முன்னிலும் அதிக வன்முறையில் இறங்கினார்கள். பிறர் மனதைப் படிக்கக் கற்றுக்கொண்டு, அதைத் தூண்டிலாக்கிக்கொண்டார்கள் போல. திருந்துவார்கள் என்று ஆயுள் கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்ட வைத்த நியூ ஜெர்சித் திட்டத்தின் வகையறாவைச் சோதித்தபோதும் குற்றம் கூடியதாகத்தான் தெரிந்தது. இருந்தும் மிரட்டலுக்கு எளிதாகப் பணம் கிடைக்கிறது, ஏனென்றால் அது தொலைக்காட்சியில் நன்றாக இருக்கும். எட்டு வாரம் பேசிப் பழக்கியதைப் பத்து வருடம் கழித்துப் போய் எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு இதில் எரிச்சல் உண்டு.

வாசகியின் கொலையாளிக்கு வருகிறேன். கண நேர ஆத்திரத்தில் கத்தி எடுத்தவன் என்றால், மேலே சொன்ன இடைவெளி அவனுக்காகவே செய்தது போல இருக்கிறது, வயதும் அவன் பக்கம்தான். மாதக்கணக்கில் திட்டம் போட்டுக் கொன்றவனிடம் அந்த இடைவெளி ஏற்கெனவே இருந்தது. அவன் அதில் உட்கார்ந்துதான் திட்டமே போட்டான்.