எதிர்த்தரப்பு இல்லாத நீதிமன்றத்தை யார் கேள்வி கேட்பது?

சிவில் வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞருக்கும் எக்ஸ்பார்ட்டி இடைக்காலத் தடை பழகிய விஷயம்தான். எதிர்த்தரப்பைக் கேட்காமலே நீதிபதி தடை கொடுத்தாலும், நோட்டீஸ் கிடைத்தவர் வந்து, மனுதாரர் தெரிந்தே பொய் சொல்லித் தடை வாங்கினார் என்று காட்டினால் அது விலக்கப்படும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் கட்டளையின் 4ஆம் விதி அதற்கு வழி செய்கிறது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை மறைத்து வாங்கிய தடை, எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்றை நீட்டியதும் ஒரே வாய்தாவில் போனதை நான் பார்த்திருக்கிறேன். பிரமாண வாக்குமூலத்தில் பொய் எழுதப் பலர் தயங்குவது நீதிபதியின் கூர்மைக்குப் பயந்து அல்ல, நாளை எதிரே வந்து நிற்கப்போகிறவருக்குப் பயந்துதான்.

அமெரிக்காவின் அயலக உளவுக் கண்காணிப்பு நீதிமன்றத்தில் அநேகமாக அந்த எதிராளி வருவதே இல்லை. உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு விசாரித்து வெளிக்கொணர்ந்ததன் விளைவாக, 1978இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் பிறந்த நீதிமன்றம் அது. மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றங்களிலிருந்து 11 நீதிபதிகளை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவரே தேர்ந்தெடுக்கிறார்; இந்தப் பணிக்கென்று மேலவையான செனட்டின் தனி ஒப்புதல் தேவையில்லை. ஒருவரைக் கண்காணிக்க அனுமதி கேட்டு அரசு வழக்கறிஞர் மட்டும் வந்து ரகசியமாக மனுச் செய்கிறார். கண்காணிக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை தெரிவதுமில்லை.

இதன் விளைவைக் கார்ட்டர் பேஜ் விவகாரத்தில் தெளிவாகக் காணலாம். டிரம்ப் பிரசாரக் குழுவின் முன்னாள் ஆலோசகரான அவரைக் கண்காணிக்க 2016, 2017 ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு நீதிபதிகள் அடுத்தடுத்து அனுமதி கொடுத்தார்கள். அந்த மனுக்களில் 17 முக்கியப் பிழைகளும் விடுபடல்களும் இருந்ததையும், எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் ஒருவர் ஒரு மின்னஞ்சலின் வாசகத்தையே மாற்றியிருந்ததையும் நீதித்துறை அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் 2019 டிசம்பரில்தான் வெளிக்கொணர்ந்தார். நான்கு நீதிபதிகளும் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வில்லங்கச் சான்றை நீட்ட அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். கண்டுபிடித்த ஆய்வாளரின் பதவியோ காங்கிரஸ் சட்டத்தால் உண்டானது.

நீதிமன்றத்தின் வேலையில் சட்டமன்றம் தலையிடுவது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்ற வாதம் இங்கேதான் எழுகிறது. நிலுவையிலுள்ள மனுவில் இப்படித் தீர்ப்புச் சொல் என்று எந்த எம்.பி.யும் நீதிபதியிடம் கேட்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தான் இயற்றிய சட்டத்துக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொடுத்திருக்கிறது என்பதை அறிவது தலையீடு ஆகாது. அதை அறியாமல் சட்டத்தைத் திருத்தவும் முடியாது. 2001இல் அமெரிக்கா இயற்றிய தேசப்பற்றுச் சட்டத்தின் (பேட்ரியாட் ஆக்ட்) 215ஆவது பிரிவை வைத்து, கோடிக்கணக்கானவர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகத் திரட்ட அந்த நீதிமன்றம் ரகசியமாக அனுமதித்திருந்தது. செனட்டர்கள் ரான் வைடனும் மார்க் யுடாலும் 2011இல் அவையில் எழுந்து, சட்டத்துக்கு ரகசியப் பொருள் ஒன்று இருக்கிறது, அதை அறிந்தால் மக்கள் அதிர்ச்சியடைவார்கள் என்று மட்டும் எச்சரித்தார்கள். அது என்ன என்று சொல்ல ரகசிய விதிகள் விடவில்லை. 2013 ஜூனில், உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களைக் கசியவிட்ட எட்வர்ட் ஸ்னோடன் வழியாக அந்த நீதிமன்றத்தின் ஆணையே வெளியான பிறகு, நியூயார்க்கிலுள்ள இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 மே மாதத்தில் அந்தப் பொருள்கோடல் சட்டத்தில் இல்லாதது என்றது. அடுத்த மாதமே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, முக்கியத் தீர்ப்புகளை இயன்றவரை வெளியிடவும், புதிய சட்டப் பிரச்சினை எழும்போது நீதிமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் நீதிமன்ற நண்பர்களாக வெளி வழக்கறிஞர்களை அழைக்கவும் வழி செய்தது. எக்ஸ்பார்ட்டி நடைமுறையின் குறையை ஓரளவாவது ஈடுகட்டியது இந்தத் திருத்தம் என்றே நினைக்கிறேன்.

2024 ஏப்ரலில் காங்கிரஸ் இயற்றிய சட்டம் இன்னொரு படி போய், இரு அவைகளின் கட்சித் தலைவர்களும் நீதி, உளவுக் குழுக்களின் தலைவர்களும் மூத்த எதிர்க்கட்சி உறுப்பினர்களும் அந்த நீதிமன்ற விசாரணைகளில் நேரில் அமர அனுமதித்தது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. அரசியல் எதிரியைப் பற்றிய மனு விசாரணையில் இருக்கும்போது கட்சித் தலைவர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது நீதிபதிக்கு நல்லதல்ல. தீர்ப்பு வந்தபின் அதை முழுமையாகப் படிக்கும் உரிமையே மேற்பார்வைக்குப் பொருத்தமானது. மேலும், அங்கே கேட்ட ரகசியத்தை அவர்கள் வெளியே பேச முடியாது என்பதால், 2011இல் வைடனுக்கு இருந்த அதே கட்டு இவர்களுக்கும் இருக்கிறது.