போகிற வழியில் துணி வாங்குகிறீர்களா? முதலில் ஓரத்தை நனைத்துப் பாருங்கள்

போன மாதம் என் தையல் வகுப்பு மாணவி ஒருவர், துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தான் தைத்த முதல் ஒட்டுப்போர்வையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தார். நான்கு மாத உழைப்பு. முதல் சலவையிலேயே மெரூன் துண்டுகளின் சாயம் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளைச் சதுரங்கள் பீட்ரூட் பொரியல் வைத்த தட்டு போல ஆகியிருந்தன. போதாக்குறைக்கு ஒரு வரிசை மட்டும் சுருங்கி, போர்வையின் நடுவில் கப்பல் பாய் மாதிரி புடைத்து நின்றது.

"துணி எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"கோயம்புத்தூருக்குக் காரில் போகும்போது வழியில் ஒரு கடை மேடம். மீட்டர் அறுபது ரூபாய்தான்."

அந்த 'தான்' என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தையல் சொல்லித்தர வருவதற்கு முன் பல ஆண்டுகள் ஏற்றுமதித் துணிகளைப் பரிசோதிக்கும் மேசையில் நின்றவள் நான். விளக்கு வெளிச்சத்தில் ஓடும் துணியில் குறை தேடுவதுதான் வேலை. சேலத்தைத் தாண்டினால் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று நீளும் அந்த நெடுஞ்சாலையிலும், அதிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளிலும் மலிவான துணிக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் துணி நம் வேலைக்கு ஆகும் என்று தெரிந்து எடுப்பதுதான் சிரமம்.

சட்டைக்குத் துணி எடுப்பதும் ஒட்டுப்போர்வைக்கு எடுப்பதும் ஒன்றல்ல. சட்டைத் துணி சுருங்கினால் சட்டை முழுவதும் சேர்ந்து சுருங்கும், தம்பிக்குக் கொடுத்துவிடலாம். ஒட்டுப்போர்வையில் இருபது வகைத் துணிகள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கும். ஒன்று 3 சதவீதம் சுருங்கி, அதன் பக்கத்துத் துணி 8 சதவீதம் சுருங்கினால் தையல் இழுத்துக்கொள்ளும். ஒன்று சாயம் விட்டால் மற்ற பத்தொன்பதும் அதைக் குடிக்கும். வெளியூர்ப் பயணத்தில் வாங்குவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. குறை தெரியவரும்போது கடை 300 கிலோமீட்டர் பின்னால் இருக்கும். திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அரை மீட்டர் குறைந்தால் அதே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியில், போய் எடுக்கவும் முடியாது.

'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று பலகை வைத்த கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏற்றுமதித் துணி உள்ளூர்க் கடைக்கு வர மூன்று வழிகள் உண்டு. சேதாரத்துக்காகக் கூடுதலாக நெய்து மிஞ்சியது ஒன்று. வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்ததால் நின்றுபோனது இன்னொன்று. பரிசோதனையில் தள்ளுபடியானது மூன்றாவது. முதல் இரண்டும் நல்ல துணி. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நம்பி அருகில் போகலாம். மூன்றாவது வகையில்தான் விஷயமே இருக்கிறது.

துணியைத் தள்ளுபடி செய்ய நாங்கள் கையாண்டது நான்கு புள்ளி முறை. குறையின் நீளம் 3 அங்குலத்துக்குள் இருந்தால் 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. பொதுவாக 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளிகளைத் தாண்டினால் அந்தத் துணி தேறாது. ஊடை (குறுக்கு நூல்) அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை, அச்சு விலகல் எல்லாமே கணக்கில் வரும். படுக்கை விரிப்பு தைப்பவருக்கு நடுவில் ஓர் ஊடை அறுந்திருந்தாலே அந்தத் துணி போயிற்று. நமக்கு அப்படியில்லை. 5 அங்குலச் சதுரமாக வெட்டுகிறவர்கள், குறையை ஒதுக்கிவிட்டு வெட்டிக்கொள்ளலாம். ஒரே நிறம் மீட்டருக்கு மீட்டர் வேறுபடுகிறது என்று தள்ளிய லாட் எங்கள் மேசையில் குப்பை; ஒட்டுப்போர்வைக்கு அது புதையல். ஒரே நீலத்தில் ஐந்து சாயல் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆனால் சாயம் நிற்கவில்லை என்றோ சுருக்கம் அதிகம் என்றோ தள்ளிய லாட்டும் அதே அடுக்கில், அதே விலைக்கு, பார்க்க இன்னும் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற குறை நம்மை ஒன்றும் செய்யாது. தெரியாத குறைதான் போர்வையைக் கெடுக்கும். எனவே கடைக்காரரிடம் "ஏன் அண்ணா இதைத் தள்ளினார்கள்?" என்று நேராகவே கேளுங்கள். துணியோடு பிறந்து வளர்ந்தவர்கள். பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள். "எடுத்துப் பாருங்கள் அம்மிணி, எனக்குத் தெரியாது" என்று நழுவினால், சோதித்துப் பார்க்க வேண்டிய துணி அதுதான்.

சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். என் கைப்பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், அளவு நாடா, சின்னப் பூதக்கண்ணாடி, இவ்வளவுதான். கைக்குட்டையை முதலில் உலர்வாகவும் பிறகு நனைத்தும் துணியின் ஓரத்தில் அழுத்திப் பத்துமுறை தேய்க்கிறேன். உலர்வாகத் தேய்த்தபோதே நிறம் ஒட்டினால் நூலுக்குள் இறங்காமல் மேலே ஒட்டிநிற்கிற பிக்மென்ட் அச்சாக இருக்கலாம். ஈரத்தில் ஒட்டினால் சாயம் சரியாக அலசப்படவில்லை. அடர் சிவப்பு, மெரூன், கறுப்பு, கருநீலம் இந்த நான்கையும் நான் தேய்க்காமல் வாங்குவதில்லை. அடுத்து, துணியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் கசக்கி உதறுவேன். மாவு போலத் தூள் பறந்தால் கஞ்சி. கெட்டியாகத் தோன்றிய துணி சலவைக்குப் பின் கொசுவலையாகிவிடும்.

பருத்தியா என்று பார்க்க எல்லோரும் நூலை எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். பருத்தி காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். சரிதான். ஆனால் ரேயானும் காகிதம் போலத்தான் எரியும். ஈரோட்டைச் சுற்றி, சித்தோடு, வீரப்பன்சத்திரம் பக்கமெல்லாம் விசைத்தறியில் ரேயான் ஏராளமாக ஓடுகிறது. அச்சும் குழைவும் மனத்தை அள்ளும். அதைத் தீயால் பிரித்தறிய முடியாது, தண்ணீரால் முடியும். ஒரு நூலை உருவி, நடுவில் நனைத்து இழுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இன்னும் பலமாகும். ரேயான் பலத்தில் பாதியை இழந்து, நனைத்த இடத்திலேயே பட்டென்று அறும். சுடிதாருக்கு ரேயான் அழகு. பருத்தியோடு சேர்த்துப் போர்வையில் தைத்தால், என் மாணவிக்கு நேர்ந்ததுதான் நேரும். அந்தப் புடைத்த வரிசை ரேயான்.

ஊர்களைப் பற்றி. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா அருகே உள்ள அப்துல் கனி ஜவுளிச் சந்தையின் வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் நல்லது. கேரளம், கர்நாடகத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிற இடம். மொத்த வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் அரை மீட்டர் கேட்டு நிற்காதீர்கள், கடைக்காரர் முகம் கொடுக்கமாட்டார். கரூர் வீட்டு உபயோகத் துணிகளின் ஊர். படுக்கை விரிப்புக்கென்று அகலமாக நெய்த பருத்தி மிச்சம் அங்கே அகப்பட்டால் போர்வையின் அடிப்பக்கத்துக்கு எடுத்துவிடுங்கள். 44 அங்குலத் துணியில் இரண்டு நீளங்களை இணைத்துத் தைக்கிற வேலை மிச்சம். சென்னிமலைக் கைத்தறி விரிப்புகள் தனி அழகு. அவற்றை வெட்ட எனக்கு மனம் வராது. வெட்டத் துணிந்தாலும் கனமான துணி, தையல் மடிப்பில் தடித்து நிற்கும்.

திருப்பூர்? காதர்பேட்டையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அங்கே குவிந்திருப்பது பெரும்பாலும் பின்னலாடைத் துணி. இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். சதுரமாக வெட்டி அளவு மாறாமல் தைக்கும் வேலைக்கு அது சரிவராது. குழந்தைக்குப் பனியன் வாங்கிக்கொண்டு வண்டியை எடுங்கள்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளான பிட் துணியைக் கிலோ கணக்கில் விற்கும் கடைகளில் மனக்கணக்கு அவசியம். 44 அங்குல அகலமும், சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையும் உள்ள பருத்தித் துணி கிலோவுக்கு ஏறக்குறைய ஏழரை மீட்டர் வரும். கனம் கூடினால் மீட்டர் குறையும். பிட் துணியில் கால்வாசி வெட்டுக்கே ஆகாத கீற்றாக இருக்கும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். 5 அங்குலச் சதுர அட்டை ஒன்றைக் கையில் வைத்து, இந்தத் துண்டில் எத்தனை சதுரம் தேறும் என்று கடையிலேயே வைத்துப் பார்ப்பேன். கடைப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மீட்டரில் வாங்கினால் அளவுகோலில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதிலும் தப்பில்லை.

எவ்வளவு வாங்குவது? தனிக்கட்டில் போர்வைக்கு 58.5க்கு 90 அங்குலம் என்று வைத்தால், சதுரத்தின் ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 5 அங்குலச் சதுரங்கள் 260 வேண்டும். துவைத்த பிறகு 44 அங்குல அகலம் 42 ஆகிவிடும். கரையை நீக்கினால் ஒரு வரிசைக்கு 8 சதுரம். 33 வரிசை, 165 அங்குலம், அதாவது 4.2 மீட்டர். சுருக்கத்துக்கும் கை பிசகுக்கும் சேர்த்து 5 மீட்டர். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் டிக்கி நிறையத் துணியோடு வீடு திரும்புகிறார்கள். நானும் திரும்பியிருக்கிறேன். இரண்டு அலமாரி நிறைய இன்னும் இருக்கிறது.

கைக்குழந்தைக்குத் தைப்பதானால் ஊர் பேர் தெரியாத லாட் வேண்டவே வேண்டாம். உடலுக்கு ஆகாத அசோ சாயங்கள் சிலவற்றுக்கு 1997-இல் இந்தியா தடை விதித்தது. ஒரு துணியில் அவை இருக்கின்றனவா என்பதைக் கைக்குட்டை சொல்லாது.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக ஊறவைத்து, அலசிய நீர் தெளியும்வரை துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். தைத்து முடித்த பிறகு சாயம் இறங்கிவிட்டால், போர்வையைக் காயவிடாதீர்கள், இஸ்திரி போடவே கூடாது. பெரிய தொட்டியில் சூடான நீரையும் சோப்புத் தூளையும் தாராளமாக விட்டு முழுதாக அமிழ்த்தி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். இறங்கிய சாயம் நீரிலேயே நிற்கும். நீரை மாற்றி மாற்றி மறுபடியும் ஊறவைக்க வேண்டும்.

என் மாணவி வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் வந்தார். ஆனாலும் மூன்று இரவு ஊறவைத்ததில் வெள்ளை பாதிக்கு மேல் மீண்டது. மெரூன் துண்டுகளையும் அந்த ரேயான் வரிசையையும் பிரித்தெடுத்துவிட்டு வேறு துணி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை ஈரோட்டிலிருந்து அழைத்தார். "மேடம், கடையில் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தேன். கடைக்காரர், 'அது வேண்டாம் அம்மிணி, உள்ளே நல்லதாக இருக்கிறது' என்று வேறு துணிச் சுருளை எடுத்து வந்தார்." மீட்டர் 85 ரூபாயாம்.