லேசருக்கு தெரிஞ்சது கறுப்பு மட்டும்தான்

லேசர்ல முடி எடுக்கறதுன்னா ஒளி உள்ள போய் முடியை வேரோட அறுத்துடும்னுதான் நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. அறுக்கறதெல்லாம் கிடையாது. அந்த ஒளிக்கு எது முடி எது தோல்னே தெரியாது, மெலனின்ங்கற நிறமி எங்க இருக்கோ அங்க உறிஞ்சப்பட்டு சூடா மாறும், அவ்ளோதான். சிக்கல் என்னன்னா முடிக்கு கறுப்பு குடுக்கறதும் மெலனின், தோலுக்கு நிறம் குடுக்கறதும் அதே மெலனின். யாருக்கு இது செட் ஆகும், யாருக்கு புண்ணாகும்ங்கறது எல்லாமே இங்க இருந்துதான் வருது.

தோலுக்கு வெளிய தெரியற முடித்தண்டு ஏற்கனவே செத்த பொருள், அதை எரிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, திரும்ப வளரத்தான் போகுது. புது முடியை உண்டாக்கற ஸ்டெம் செல்கள் மயிர்க்காலோட பக்கவாட்டுல ஒரு சின்ன புடைப்புல உக்காந்திருக்கு, அதுங்ககிட்ட மெலனின் பெருசா இல்ல, அதனால ஒளியால அதுங்களை நேரா தொட முடியாது. நடுவுல இருக்கற கறுப்புத் தண்டு சூடாகி, அந்த சூடு பக்கத்துல பரவி அதுங்களை தாக்கணும்.

அப்போ மேல்தோல்ல இருக்கற மெலனினும் சேந்து சூடாகுமே, தோல் ஏன் வெந்து போகலன்னு கேட்டா, அங்கதான் நேரக் கணக்கு வருது. 1983ல ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் 'சயின்ஸ்' இதழ்ல இதை எழுதினாங்க. டம்ளர்ல ஊத்தின சுடுதண்ணி சீக்கிரம் ஆறும், அண்டாவுல இருக்கறது ஆறாதுல்ல, அதே மாதிரி மெல்லிசா இருக்கற மேல்தோல் சில மில்லி செகண்ட்லயே சூட்டை விட்டுடும், தடிமனான மயிர்க்காலுக்கு பத்து மில்லி செகண்ட்ல இருந்து நூறு வரைக்கும் கூட ஆகும். ஒளி ஒரு தடவை அடிக்கற நேரத்தை இந்த ரெண்டுக்கும் நடுவுல வச்சா தோல் தப்பிக்கும், முடி மாட்டும். கூடவே மெஷின் முனையை சில்லுனு வச்சோ குளிர்காத்து அடிச்சோ தோலை காப்பாத்துவாங்க.

இதுக்கு அப்புறம் அலைநீளம். அலெக்ஸாண்ட்ரைட் லேசர் 755 நானோமீட்டர், டயோடு 800லிருந்து 810 பக்கம், என்டி யாக் 1064. அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சறது குறையும், ஒளி ஆழமாவும் இறங்கும். வெளுத்த தோல், கறுத்த முடின்னா 755 பிரமாதமா வேலை செய்யும், ஆனா அதே லேசரை கறுப்புத் தோல்ல அடிச்சா கொப்புளமோ தழும்போ வர வாய்ப்பு இருக்கு. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064தான் பாதுகாப்பு, தோல்ல அதிகம் மாட்டாம கீழ போயிடும், கொஞ்சம் வலி கூடத்தான். கறுப்பா இருந்தா லேசரே கூடாதுங்கறதெல்லாம் பழைய கதை, ஆனா எந்த மெஷின்னு கேக்காம படுக்கக் கூடாதுங்கறது என் அபிப்ராயம்.

முடி எடுக்க ஐபிஎல்னு (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) இன்னொன்னு இருக்கு, அது லேசரே இல்ல. செனான் விளக்கோட ஃப்ளாஷை ஃபில்டர் போட்டு அடிக்கறது, சுமார் 500லிருந்து 1200 நானோமீட்டர் வரைக்கும் கலவையா வரும். வீட்டுல பண்ணிக்கற மெஷின்ல பெரும்பாலும் இதுதான், சக்தி கம்மி, ரொம்ப கறுத்த தோலுக்கு கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கும்.

ஒரே தடவையில முடியாததுக்கு காரணம், எல்லா முடியும் ஒரே நேரத்துல வளராது. வளர்ச்சி நிலைல இருக்கற முடிதான் நல்லா மாட்டும், ஓய்வுல இருக்கறது தப்பிச்சிடும். அதனாலதான் நாலு வாரத்துல இருந்து எட்டு வாரம் வரைக்கும் இடைவெளி விட்டு பல தடவை வரச் சொல்றாங்க. வர்றதுக்கு முன்னாடி ஷேவ் பண்ணலாம், பண்ணணும், ஆனா வேக்சிங், த்ரெட்டிங் கூடாது, முடியை பிடுங்கிட்டா சூட்டை வாங்க உள்ள தண்டு இருக்காதே.

முடிஞ்ச கையோட ஒவ்வொரு மயிர்க்கால் சுத்தியும் சின்னதா சிவந்து புல்லரிச்ச மாதிரி தடிச்சிருக்கும், கருகின வாடை வேற அடிக்கும். ஒன்னு ரெண்டு வாரத்துல கறுப்புப் புள்ளியா முடி மேல வரும், பணம் வேஸ்ட்டுன்னு நிறைய பேர் பதறுவாங்க, ஆனா விரலால தேய்ச்சா அதுபாட்டுக்கு கழண்டு வரும், செத்த முடியை தோல் வெளிய தள்ளுது.

வெயில்ல கறுத்த நேரத்துல, பச்சை குத்தின இடத்துல, மச்சத்து மேல அடிக்கக் கூடாது. கண் இமை கிட்ட கண்டிப்பா கூடாது, கருவிழியிலயும் மெலனின் இருக்கு. கர்ப்பமா இருந்தா தள்ளிப் போடறதுதான் வழக்கம், பருவுக்கு மாத்திரை சாப்பிடறவங்க முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

நிரந்தரமா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கற அமெரிக்காவோட எஃப்டிஏவே 'நிரந்தரக் குறைப்பு'ன்னுதான் சொல்ல விடுது. பிசிஓஎஸ்ங்கற, பெண்களுக்கு வர்ற ஹார்மோன் கோளாறு இருந்தா ஹார்மோன் புதுசு புதுசா முடியை கிளப்பிட்டே இருக்கும், தாடையில திரும்ப வரும். சிலருக்கு முகத்துல, கழுத்துல இருந்த பூனைமுடி லேசருக்கு அப்புறம் தடியா வளர்றதும் உண்டு, அதனால மெல்லிசு முடி மேல கை வைக்க நல்ல டாக்டர்கள் யோசிப்பாங்க.

நரைமுடி, பொன்னிற முடிக்கெல்லாம் லேசர் சுத்தமா வேலைக்காகாது, செம்பட்டைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அவங்களுக்கு இருக்கறது எலக்ட்ராலிசிஸ், 1875ல சார்லஸ் மிஷெல்ங்கற கண் டாக்டர் உள்பக்கமா வளந்து கண்ணை குத்தற இமைமுடிக்காக பண்ண ஆரம்பிச்சது. ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளயும் ஊசி விட்டு கரண்ட் குடுக்கணும், பொறுமை வேணும், ஆனா முடி என்ன நிறம்னு அது பாக்காது.