"என் போன்ல சரியாத்தான் தெரியுது!"

ஆடி மாதம். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அங்கே லாட்ஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு நான்தான் சைட் செய்து கொடுத்திருந்தேன். முகப்பின் உச்சியில் 'இன்று பரிசல் உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரு பட்டை வரும். விடிந்ததுமே அதை 'இல்லை' என்று மாற்றிவிட்டார். ஆனாலும் பத்து மணிக்கு பெங்களூருவிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கி, 'உண்டுன்னுதானே போட்டிருக்கு' என்று போனைக் காட்டிச் சண்டை போட்டது.

"தம்பி, என் போன்ல சரியாத்தான் தெரியுது. அவங்க போன்ல மட்டும் எப்படி பழசு வருது?"

தருமபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடி அண்ணன் போனில் சொன்னதைக் கேட்டேன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தப்பு என்னுடையது.

வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் செய்த சைட்டில் முழுசாகச் செய்து முடித்த 'பக்கம்' என்று ஒன்று எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை மாடல் தனியாக இருக்கும்; மாப்பிள்ளை, பெண், முகூர்த்த நேரம் எல்லாம் துண்டுச் சீட்டில் தனியாக வரும். வேர்ட்பிரஸில் அந்தத் துண்டுச் சீட்டுகள் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் கிடக்கின்றன. புதிதாக நிறுவினால் மொத்தம் 12 அட்டவணைகள்தான். கட்டுரை, பக்கம், படத்தின் விவரம், மெனுவில் இருக்கும் 'தொடர்புக்கு' என்ற சொல், நீங்கள் திருத்துவதற்கு முன்னால் இருந்த பழைய வடிவம், எல்லாமே ஒரே அட்டவணையில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். அட்டை மாடலுக்குப் பெயர் தீம். யாராவது முகவரியைத் தட்டியதும் பிஎச்பி என்ற மொழியில் எழுதிய நிரல் சர்வரில் ஓடி, தரவுத்தளத்திடம் பல கேள்விகள் கேட்டு, பதில்களை மாடலில் பொருத்தி, அந்த நொடியில் பக்கத்தைச் செய்து அனுப்புகிறது. மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-ல் வெளியிட்டபோதிருந்து அடிப்படை இதுதான்.

ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் முறை இதே வேலை. மலிவான ஹோஸ்டிங்கில் சர்வர் திணறிவிடும். அதனால் ஒருமுறை செய்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கு அதையே நீட்டுகிறோம். இதற்குத்தான் கேஷ் என்று பெயர். அட்மினில் லாகின் ஆகியிருப்பவருக்கு மட்டும் பொதுவாக ஜெராக்ஸ் கிடையாது, புதிதாகச் செய்தே கொடுக்கும். அண்ணனுக்குப் புதுசும் பெங்களூருக்காரருக்குப் பழசும் தெரிந்த கதை இதுதான்.

ஒரு கட்டுரையைத் திருத்திச் சேமித்தால் கேஷைக் கவனிக்கும் ப்ளக்-இன் (வேர்ட்பிரஸோடு ஒட்டவைக்கும் துணை நிரல்) தானாகவே பழைய ஜெராக்ஸைக் கிழித்துப் போட்டுவிடும். நான் அந்தப் பட்டையைக் கட்டுரையாக வைக்காமல் தனி செட்டிங் பக்கத்தில் வைத்திருந்தேன். அங்கே நடக்கும் மாற்றம் ப்ளக்-இன் காதுக்கு எட்டவில்லை. செட்டிங்கைச் சேமித்ததும் 'கிழித்துப் போடு' என்று சொல்லும் ஒரு வரியை அன்று மதியமே சேர்த்தேன்.

பக்கத்தைக் காகிதமாக நினைப்பதுதான் முக்கால்வாசி வம்புக்கும் வேர். பர்கூர் ஜவுளிக்கடை ஒன்றுக்குப் பழைய தீமில் கரும்பச்சைப் பின்னணி. கடைக்காரர் எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று எடிட்டரிலேயே வெள்ளை நிறம் கொடுத்திருக்கிறார். அந்த நிறம் தீமில் சேராது, துண்டுச் சீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்து வெள்ளைப் பின்னணியில் புதுத் தீம் போட்டோம். "எழுதினதெல்லாம் போச்சே!" என்று பதறினார். போகவில்லை, வெள்ளை மேல் வெள்ளையாக அங்கேயேதான் இருந்தது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஒருவர், மாறிப்போன போன் நம்பரை ஒன்பது பக்கங்களில் தேடித் தேடித் திருத்தினார், பத்தாவதை விட்டுவிட்டார். நம்பரை ஒரே இடத்தில் வைத்து எல்லாப் பக்கமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் செய்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் வெற்று எடிட்டரை யாரிடமும் கொடுப்பதில்லை. விலைக்கு ஒரு பெட்டி, நம்பருக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். சிலர் முறைத்துக்கொள்வார்கள். முறைக்கட்டும்.

அந்த மாங்கூழ்க்காரர் சைட்டில்தான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் பார்த்தேன். 'கிருஷ்ணகிரி மாங்கூழ் ஏற்றுமதி' என்று தலைப்பு வைத்தார். பக்கத்தின் முகவரி 'கிருஷ்ணகிரி-மாங்கூழ்-ஏற்' என்று முடிந்திருந்தது. 'றுமதி' எங்கே?

கணக்குப் போட்டால் புரியும். எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் யூனிகோடு முறையில் 'கி' என்பது ஒரு குறி அல்ல. 'க' ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என இரண்டு. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முகவரியில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி, அதன்பின் இரண்டு எழுத்து என 3 இடம் பிடிக்கும். ஆக, ஒரு குறிக்கு 9 இடம். கிருஷ்ணகிரியில் 11 குறிகள், அதற்கே 99 இடம் போய்விட்டது. முகவரியின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். நடுவில் ஒரு கோடு, மாங்கூழுக்கு 72, இன்னொரு கோடு, இதுவரை 173. மீதி 27-ல் மூன்று குறிகள்தான் அடங்கும்: ஏ, ற, ஒரு புள்ளி. அங்கே கத்தரி விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதுபவர் 200 எழுத்துத் தலைப்பு வைக்கப் போவதில்லை, அவருக்கு இது கண்ணில் படவே படாது. தமிழில் 22 குறிகளுக்கு மேல் இடம் இல்லை. தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, முகவரியை மட்டும் நானே சுருக்கிக் கொடுத்துவிடுகிறேன்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனில் எடுத்த 4000-க்கு 3000 புள்ளிப் படத்தின் அசல் கோப்பையே பக்கத்தில் போட்டால், சின்னதாகக் காட்டச் சொன்னாலும், கோப்பு முழுசாகத்தான் இறங்கும். பார்ப்பவர் போன் அதைத் திரையில் காட்ட விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகத்தைத் தின்னும். சின்ன அளவுகளை வேர்ட்பிரஸே வெட்டி வைத்திருக்கிறது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பரிசல் பட்டை அதோடு முடியவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு 'இல்லை'யை எடுக்க அண்ணன் மறந்துவிடுவார் என்று, 'எந்தத் தேதி வரை' என்று ஒரு பெட்டி வைத்தேன். தேதி தாண்டியது, பட்டை மாறவில்லை. தேதியைப் பார்ப்பது பக்கத்தைச் செய்யும் நொடியில் மட்டும்தான். ஜெராக்ஸ் முந்தின நாள் எடுத்தது. ஆற்றில் பரிசல் ஓடிக்கொண்டிருந்தது, சைட்டில் 'இல்லை' என்றே இருந்தது, லாட்ஜில் ரூம் காலி. கடைசியில் தேதியையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பி, பார்ப்பவர் போனிலேயே ஒப்பிட்டுக்கொள்ளும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். தேதி தாண்டினால் 'உண்டு' என்று அது சொல்லாது. 'கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள்' என்று சொல்லி, நம்பரைக் காட்டும். அந்த நம்பர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.