விபத்தில் அடிபட்டவர் முதலில் பார்க்க வேண்டியது தேதியை: ஆர்.ஏ.எஃப் நட்டஈடு பற்றி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சாலை விபத்தில் அடிபட்ட குடும்பங்களுக்கு ஃபாரம் நிரப்ப உதவும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விபத்து எந்தத் தேதியில் நடந்தது? பல நேரங்களில் பதிலைக் கேட்டதும் மனசு உடைந்துபோகும். நியாயம் அவர்கள் பக்கம் இருக்கும், காயம் கண்ணுக்குத் தெரியும், சாட்சியும் இருப்பார். நட்டஈட்டு மனு கொடுக்கும் கெடு மட்டும் போன மாதமே முடிந்திருக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கச் சாலைகளில் அடிபட்டவர்களுக்கு நட்டஈடு தருவது ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட், அதாவது ஆர்.ஏ.எஃப். 1996ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டப்படி நடக்கிறது. பணம் நாம் போடும் பெட்ரோல், டீசல் மேல் உள்ள வரியிலிருந்து வருகிறது. 2021இல் அந்த வரியை லிட்டருக்கு 2 ரேண்ட் 18 சென்ட் என்று வைத்தார்கள். நீங்கள் கொடுக்கும் டாக்ஸிக் கட்டணத்திலும் அது அடங்கியிருக்கிறது. கவுண்டரில் நிற்கும்போது தர்மம் கேட்கிறோம் என்று யாரும் கூச வேண்டாம்.

இப்போது கெடு. இடித்த வண்டியோ டிரைவரோ யாரென்று தெரிந்தால் 3 ஆண்டுக்குள் மனு ஆர்.ஏ.எஃப் கையில் இருக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடியவன் யாரென்றே தெரியவில்லை என்றால் 2 ஆண்டுதான். அடிபட்டது குழந்தையாக இருந்தால் 18 வயது வரை கெடு ஓடாது என்று பலர் சொல்வார்கள். டிரைவர் தெரிந்த வழக்கில்தான் அது சரி. ஓடிப்போன வண்டி என்றால் குழந்தைக்கும் அதே 2 ஆண்டுதான். இது தெரியாமல் காத்திருந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் எதுவும் இருக்கவில்லை.

மனு கொடுத்தாகிவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தூங்கிவிடவும் கூடாது. பணம் கைக்கு வராமலே இழுத்துக்கொண்டு போனால், விபத்து நடந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கோர்ட்டில் சம்மன் போட்டாக வேண்டும். வக்கீல் இல்லாமல் நேரடியாக மனு கொடுத்தவர்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். “ஃபைல் பார்வையில் இருக்கிறது” என்று போனில் எத்தனை முறை சொன்னாலும் அந்தக் கெடு நிற்காது.

மனுவுக்கான ஃபாரத்தின் பெயர் ஆர்.ஏ.எஃப் 1. அதில் மருத்துவப் பகுதியை உங்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டரோ மருத்துவமனையோ நிரப்ப வேண்டும். அங்கேதான் அலைச்சல் தொடங்குகிறது. டாக்டர் மாறிவிட்டார், ஃபைல் கிடைக்கவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். விபத்து அறிக்கையின் நகலும் வேண்டும். அதில் வண்டி நம்பர் தப்பாக இருந்தால் அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்று கவுண்டரில் மனுவைத் திருப்பித் தந்தால், காரணத்தை எழுதிக் கேளுங்கள். நேரில் கொடுக்கலாம், ரிஜிஸ்டர் தபாலிலும் அனுப்பலாம். இரண்டையும் சட்டம் ஒப்புக்கொள்கிறது. நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மனு கிடைத்த 60 நாளுக்குள் ஆர்.ஏ.எஃப் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அந்த மனு செல்லும் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த 60 நாளைக் கணக்குப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்த முத்திரைதான்.

யாருக்குக் கிடைக்கும்? தப்பு முழுக்க உங்களுடையது என்றால், உதாரணமாக நீங்களே ஓட்டி நீங்களே மரத்தில் மோதினால், ஒன்றும் கிடையாது. பாதித் தப்பு என்றால் அதற்கேற்ப வெட்டுவார்கள். ஆனால் கூட உட்கார்ந்து வந்தவருக்குப் பொதுவாக அந்த வெட்டு இல்லை. டிரைவர் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலே போதும். கணவர் ஓட்டிய காரில் வந்த மனைவி, “அவர் மேல் எப்படிக் கேஸ் போடுவது” என்று ஒதுங்கிவிடுகிறார். பணம் தரப்போவது கணவர் இல்லை, ஃபண்ட்தான் அம்மா. 2008 ஆகஸ்டுக்குப் பிறகு நடந்த விபத்துகளில், உடல் காயத்துக்காக டிரைவர் மேல் நேரடியாக வழக்குப் போடும் உரிமையே பொதுவாகக் கிடையாது. “நானே செட்டில் பண்ணுகிறேன்” என்று டிரைவர் சொல்லும் வார்த்தையை நம்பி மாதங்களை வீணாக்காதீர்கள்.

வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பணம் வேண்டுமென்றால் காயம் ‘கடுமையானது’ என்று டாக்டர் ஆர்.ஏ.எஃப் 4 ஃபாரத்தில் எழுத வேண்டும். பொதுவான அளவு, உடல் முழுமைக்கும் 30 சதவீத இழப்பு. அதற்குக் குறைந்தாலும் கடுமையான நிரந்தரத் தழும்பு, கடுமையான நீண்டகால மனப்பாதிப்பு, உடல் உறுப்பு நீண்டகாலம் சரியாகச் செயல்படாமை ஆகியவற்றை விவரித்து எழுத வழி உண்டு. அவசரத்தில் நிரப்பும் டாக்டர் சதவீதத்தோடு நிறுத்திவிடுவார், விடாமல் கேளுங்கள். ஆர்.ஏ.எஃப் இதை நிராகரித்தால் 90 நாளுக்குள் ஆர்.ஏ.எஃப் 5 ஃபாரத்தில் முறையிட வேண்டும்.

மரணம் என்றால், எரிக்கவோ புதைக்கவோ அவசியமான உண்மைச் செலவு மட்டும்தான் தருவார்கள். பந்தல், சாப்பாடு, பதினாறாம் நாள் சடங்கு எதுவும் சேராது. அதற்காகக் கடன் வாங்கும்போது இதை மனதில் வையுங்கள். இறந்தவரின் சம்பாத்தியத்தை நம்பியிருந்த குடும்பம் ஆதரவு இழப்புக்குத் தனியாகக் கேட்கலாம். பெரிய தொகை வரக்கூடியது இதில்தான், இதையே பலர் கேட்காமல் விடுகிறார்கள்.

மருத்துவமனை வாசலிலும் டோ டிரக் பக்கத்திலும் “உங்கள் கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், வந்ததில் பங்கு கொடுங்கள்” என்று ஒருவர் நெருங்குவார். வக்கீல் அல்லாத ஒருவரோடு அப்படிப் பங்கு ஒப்பந்தம் போட்டால், உங்கள் மனுவுக்குப் பணம் தரும் பொறுப்பே ஆர்.ஏ.எஃப்-க்கு இல்லாமல் போகும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்துப் போடவே கூடாது. வக்கீல் ‘ஜெயித்தால் மட்டும் ஃபீஸ்’ என்று எடுத்தால், அந்த ஜெயிப்புக் கட்டணம் கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தத்தின் நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். வக்கீலின் கவனக்குறைவால் கெடு போயிருந்தால் அவர் மேலேயே வழக்குப் போடலாம்.

கடைசியாகக் கார். ஆர்.ஏ.எஃப் உடல் காயத்துக்கும் மரணத்துக்கும் மட்டும்தான். காருக்கோ பக்கிக்கோ (பிக்கப் வண்டி) ஒரு சென்ட்கூட வராது. குழியில் இறங்கி டயரும் ரிம்மும் போயிருந்தால் கேட்க வேண்டியது அந்தச் சாலைக்குப் பொறுப்பானவர்களை. என்2, என்3 போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் சான்ரல், அதாவது தேசியச் சாலை நிறுவனம். ஆர் என்று தொடங்கும் சாலைகள் பெரும்பாலும் மாகாணம். ஹிக்கின்சன் ஹைவே போன்ற எம் சாலைகள் பெரும்பாலும் ஈத்தெக்வினி, அதாவது டர்பன் மாநகராட்சி. இங்கே கெடு இன்னும் குறைவு. அரசு அமைப்புகள் மேல் வழக்குப் போடுவது பற்றிய 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். போன் ஆப்பில் குழியைப் பற்றிப் புகார் செய்து வாங்கிய நம்பர் நோட்டீஸ் ஆகாது. குழியின் அளவு தெரியும்படி போட்டோ, இடம், நேரம், டயர் கடை ரசீது எல்லாம் வைத்துத் தனியாக எழுதுங்கள். சாலை யாருடையது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மூன்று பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். “எங்கள் சாலை இல்லை” என்ற பதில் வரவே 6 மாதம் ஆகலாம்.