சொல்லிக்கொடுப்பவர் மூளையில் என்ன நடக்கிறது?

நூலகத்தில் ஒரு பெரியவருக்குச் செல்பேசியில் படம் அனுப்பக் காட்டுகிறான் ஒரு பையன். இரண்டு தட்டு, வேலை முடிந்தது. "எப்படிப்பா பண்ணினே?" என்று அவர் கேட்டதும் திணறுகிறான். விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. அவனுக்கான பாடம் அந்தத் திணறலில்தான் இருக்கிறது. ஒன்றை விளக்க முயலும்போதுதான் மூளை தனக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்துகிறது. எங்கே ஓட்டை என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

பெரியவருக்கு என்ன கிடைக்கிறது? உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவாற்றலை இரண்டாகப் பிரித்தார். புதுச் சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கும் திறன் இளமையில் உச்சம் தொட்டு மெல்லக் குறைகிறது. சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதைத் தாண்டியும் பெரும்பாலும் நிலைக்கின்றன. ஒருவரிடம் குறைவது இன்னொருவரிடம் நிறைய இருக்கிறது. பண்டமாற்றுக்கு இதைவிடத் தோதான ஜோடி கிடைக்காது.

அமெரிக்காவின் பால்டிமோரில் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' என்ற திட்டத்தில், 60 வயது தாண்டியவர்கள் வாரம் 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்புக்கு உதவினார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகச் சுருங்குவது வழக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்கேன் செய்தபோது, திட்டத்தில் இருந்த ஆண்களிடம் அது சற்றுப் பெரிதாகியிருந்தது; பெண்களிடம் மாற்றம் அவ்வளவு தெளிவாக இல்லை. நடை, பேச்சு, திட்டமிடல் எல்லாம் கலந்த வேலை என்பதால் எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எனக்கென்னவோ, அந்தக் கலவைதான் மருந்து என்று தோன்றுகிறது.

சரி, இரு தலைமுறையையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் போதுமா? போதாது. வெவ்வேறு குழுவினர் பழகினால் தப்பெண்ணம் குறைய, சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அமைப்பின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். அவர் எழுதியது இனப்பாகுபாட்டைப் பற்றி. வயதுக்கும் அது பொருந்துகிறது. பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இருப்பதில்லை.

பேசும் விதத்திலும் கவனம் வேண்டும். குழந்தையிடம் பேசுவதுபோல் குரலை ஏற்றி, துண்டு துண்டாகப் பேசினால் முதியவர்களுக்குக் கூடுதலாகப் புரிவதில்லை. சொன்னதையே இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்வதுதான் உதவுகிறது. அந்தப் பையன் "இங்க தட்டுங்க தாத்தா" என்று கத்துவதைவிட, "படம் யாருக்குப் போகணும்னு இது கேக்குது, அதனால இங்க தட்டணும்" என்றால் அடுத்த முறை அவரே அனுப்பிவிடுவார்.