ஏமனா, எமனா? ஓர் ஐரிஷ் தலைவரின் பெயரைத் தமிழில் எழுதுவது

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இந்திய விடுதலை இயக்கத்தின் வெளிநாட்டுத் தொடர்புகளைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூலின் இறுதி மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. எந்தப் புத்தகத்தையும் நான் பின்னாலிருந்து, அதாவது பெயரடைவிலிருந்துதான் தொடங்குவேன். உள்ளே என்னென்ன கோளாறுகள் இருக்கின்றன என்பதை அந்த நான்கு பக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும். அன்று அகப்பட்டவை இவை: 'ஈமான் டிவலேரா, 41', 'எமன் டி வெலரா, 112', 'டெவலேரா, 203', 'தேவ், 115, 204'. நான்கும் ஒரே மனிதர். அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்திலும் பின்னர் அதன் ஆட்சியிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த ஏமன் டி வலேரா, எங்கள் நூலில் நான்கு துண்டாகிக் கிடந்தார். நான்காவது பதிவைப் பார்க்கும் வாசகர், அயர்லாந்து அத்தியாயத்தில் ஒரு வங்காளியோ பஞ்சாபியோ இருந்ததாகத்தான் எண்ணிக்கொள்வார். தோழர்களும் பத்திரிகைகளும் அவரை 'டெவ்' என்று சுருக்கி அழைத்ததை மொழிபெயர்ப்பாளர் 'தேவ்' ஆக்கியிருந்தார்.

பெயர்களில் நேரும் இத்தகைய பிழைகளை எழுத்துப் பிழைகள் என்று நினைத்துக் கடந்துபோகும் வழக்கம் நம்மிடையே உண்டு. இருபது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வரும் அனுபவத்தில் சொல்கிறேன்: பெயர் தடுமாறும் பக்கத்தில் வரலாறும் பெரும்பாலும் தடுமாறியிருக்கும்.

முதலில் உச்சரிப்பைப் பார்த்துவிடலாம். ஐரிஷ் மொழியில் உயிரெழுத்தின் தலைமேல் இடப்படும் சாய்கோட்டுக்கு ஃபாடா என்று பெயர். அந்தச் சொல்லுக்கே 'நீளம்' என்றுதான் பொருள். குறிலை நெடிலாக்கும் குறி அது. கல்லும் காலும் வேறு என்று சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஃபாடா இட்டு எழுதினால் ஷான் என்னும் ஆண்பெயர்; அதை எடுத்துவிட்டால் 'பழைய' என்று பொருள்படும் வேறு சொல். நாட்டின் பெயரான ஏரே என்பதன் தலையிலிருந்து அந்தக் கோட்டை நீக்கினால் 'சுமை' என்னும் சொல் மிஞ்சும். டி வலேராவின் முதற்பெயரில் முதல் எழுத்தின் மேல் ஃபாடா இருக்கிறது. ஆகவே அது ஏகாரம். அதை அடுத்து நிற்கும் உயிரெழுத்து தனியாக ஒலிப்பதில்லை. பின்னால் வரும் மெய்யை எப்படி ஒலிக்க வேண்டும் என்று காட்டவே அது நிற்கிறது. ஆங்கில எழுத்துகளாக நினைத்துப் படிப்பவர் இரண்டையும் சேர்த்து 'ஈ' என்று வாசித்துவிடுவதால்தான் தமிழில் ஈமான் பிறக்கிறார். சரியான வடிவம் ஏமன். அந்த நெடிலைக் குறிலாக்கினால் யார் வந்து நிற்பார் என்பதை 112ஆம் பக்கமே காட்டியது.

ஃபாடா தொலைவதற்குக் கணினியும் ஒரு காரணம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இன்றும் பக்கம் அடுக்கும் அச்சகங்கள் உண்டு. அந்த எழுத்துருக்கள் ஐரோப்பிய உயிரெழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியவை. எனவே மூலப் பெயரைப் பக்கத்தில் ஒட்டியவுடன், ஃபாடா இட்ட எழுத்து சம்பந்தமே இல்லாத ஒரு தமிழ் உயிர்மெய்யாக மாறிவிடும். பக்கம் அடுக்குபவர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார். மெய்ப்பில் அந்த இடத்தில் எந்தத் தடயமும் இருக்காது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெயரை எப்படி ஒலிப்பது என்பது தீர்ந்தாலும், எந்தப் பெயரை எழுதுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. டி வலேரா 1882 அக்டோபர் 14 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பிறப்புப் பதிவேட்டில் அவர் ஜார்ஜ், ஞானஸ்நானத்தில் எட்வர்ட். சிறு குழந்தையாக லிமரிக் மாவட்டத்தில் தாய்வழி உறவினரிடம் அனுப்பப்பட்டு வளர்ந்தபோது எடி. 1908-ல் ஐரிஷ் மொழியை மீட்டெடுக்கப் பாடுபட்ட கேலிக் லீக் அமைப்பில் சேர்ந்து ஐரிஷ் கற்கத் தொடங்கிய பிறகே ஏமன் ஆனார். அங்கே அவருக்குப் பாடம் சொல்லித்தந்த ஷினேட் ஃபிளானகனை 1910-ல் மணந்தார். அந்த அம்மையாரும் ஜேன் என்ற பெயரை ஐரிஷ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டவர்தாம். ஏமன் என்பது உண்மையில் எட்மண்ட் என்பதன் ஐரிஷ் வடிவம் என்றாலும், எட்வர்டுகளும் அதையே சூட்டிக்கொள்வது வழக்கம். அகராதிப்படி அதன் இறுதியில் 'என்' எழுத்து இரண்டு வர வேண்டும். அவரோ எப்போதும் ஒன்றையே எழுதினார். இரண்டு இட்டு 'திருத்தும்' ஆங்கில நூல்கள் இன்றும் வருகின்றன. ஒருவர் தம் பெயரை எப்படிக் கையெழுத்திட்டாரோ அதுவே அவருடைய பெயர். அகராதிக்கு அதில் அதிகாரமில்லை என்பதே என் கட்சி.

இந்தப் பெயர்மாற்றங்களை மேல்நாட்டு நாகரிகமாகக் கருதிவிடக் கூடாது. 1905-ல் டோனகால் மாவட்டத்துக்காரர் ஒருவர் தம் வண்டியில் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வண்டியில் உரிமையாளர் பெயர் படிக்கத்தக்க வகையில் இருக்க வேண்டும் என்ற சட்டத்தை அவர் மீறிவிட்டதாக வழக்குத் தொடுத்தார்கள். அவருக்காக வாதாடித் தோற்ற வழக்கறிஞர், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுட்டுக்கொல்லப்பட்ட பேட்ரிக் பியர்ஸ். தம் பெயரைத் தம் மொழியில் எழுதியதற்காகவே நீதிமன்றம் ஏறிய ஊர் அது. அங்கே ஏமனை எட்வர்ட் என்று எழுதினால் அது வெறும் எழுத்துத் தெரிவு ஆகாது.

அதற்காக எல்லாரையும் ஐரிஷ் வடிவத்துக்கு மாற்றிவிடவும் கூடாது. விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸுக்கு மீஹால் ஓ கொய்லான் என்ற வடிவம் உண்டு. ஆனால் உலகம் அறிந்தது காலின்ஸைத்தான். பின்னாளில் பிரதமரான ஷான் லெமாஸ் ஞானஸ்நானத்தில் ஜான். அரசியலில் ஷான் மட்டுமே. இன்றைய தலைவர்களில் மீஹால் மார்ட்டினை நம் செய்தித்தாள்கள் தயங்காமல் 'மைக்கேல் மார்ட்டின்' ஆக்கிவிடுகின்றன. 'ஃபினா கேல்' கட்சியை 'ஃபைன் கேல்' என்று எழுதுவதும் இதே அவசரத்தால்தான்.

லியோ வராட்கர் விஷயத்தில் அவசரத்துக்குச் சாக்கே இல்லை. 2017-ல் அயர்லாந்தின் பிரதமரான அவருடைய தந்தை மும்பையைச் சேர்ந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில் மால்வணுக்கு அருகிலுள்ள வராட் கிராமம். மராத்தியில் அது டகரம். மராத்தியைப் பார்த்தால் ஒரு நொடியில் தீரும் ஐயத்தை, டப்ளின் வழியாகச் சுற்றிவந்த ஆங்கில எழுத்தை வைத்து ஊகித்து 'வரத்கர்' என்று எழுதிவிடுகிறோம். பக்கத்து மாநிலத்துக்காரரின் பெயரை அயர்லாந்துக்குப் போய் விசாரிப்பது போலத்தான் இது.

எங்கள் நூலில் பெயரைவிடப் பெரிய சேதம் பதவியில் இருந்தது. 41ஆம் பக்கம் 1920 பிப்ரவரியைப் பற்றியது: நியூயார்க்கில் 'இந்திய சுதந்திரத்தின் நண்பர்கள்' அமைப்பின் விருந்தில் டி வலேரா பேசுகிறார். 112ஆம் பக்கம் 1936-ன் தொடக்கம்: சுபாஷ் சந்திர போஸ் டப்ளினுக்குச் சென்று அவரைச் சந்திக்கிறார். 203ஆம் பக்கம் 1948 ஜூன்: டி வலேரா டெல்லிக்கு வருகிறார். மூன்று இடத்திலும் மொழிபெயர்ப்பு 'அயர்லாந்து ஜனாதிபதி' என்றே சொன்னது, மூன்றுமே பொருந்தவில்லை.

1920-ல் அவர் புரட்சி நாடாளுமன்றமான டோயிலின் தலைவர். அமெரிக்கப் பயணத்தில் 'ஐரிஷ் குடியரசின் தலைவர்' என்று அறிமுகப்படுத்தப்பட்டாலும், அந்தப் பட்டத்தை டோயில் அவருக்கு முறைப்படி அளித்தது 1921 ஆகஸ்டில்தான். பிரிட்டனுடனான ஒப்பந்தத்தை டோயில் 64-க்கு 57 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்டதும் 1922 ஜனவரியில் அந்தப் பதவியிலிருந்து விலகினார். 1936-ல் அவர் வகித்தது செயலாட்சிக் குழுத் தலைவர் பதவி. ஆங்கிலத்தில் அதற்கும் ஜனாதிபதியைக் குறிக்கும் அதே சொல் வழங்கியது என்பதே குழப்பத்தின் வேர். நடைமுறையில் அது அரசாங்கத் தலைவர் பதவி; அப்போது பிரிட்டிஷ் மன்னரும் அவருடைய கவர்னர் ஜெனரலும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருந்தார்கள். 1937 அரசமைப்புக்குப் பிறகு அந்தப் பதவி தீஷக் ஆனது. தலைவன் என்று பொருள்படும் பழஞ்சொல் அது. முதல் எழுத்தை ஐரிஷ்காரர்கள் பல்லில் நாக்கு பட ஒலிப்பதால் நம் தகரம் நன்றாகவே பொருந்துகிறது. நான் ஒரு முறை 'தீஷக்' என்று சொல்லிவிட்டு, பிறகு பிரதமர் என்றே எழுதுகிறேன். 1948 ஜூனில் அவர் எந்தப் பதவியிலும் இல்லை; அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆட்சியை இழந்து எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். ஜனாதிபதி என்ற சொல் நம் வழக்கில் அவருக்குப் பொருந்துவது 1959 முதல் 1973 வரை மட்டுமே.

நாட்டின் பெயரும் ஆண்டைப் பொறுத்தது. 1922 டிசம்பர் முதல் 1937 வரை ஐரிஷ் சுதந்திர அரசு. 1937 அரசமைப்பின் 4ஆம் பிரிவின்படி ஐரிஷில் ஏரே, ஆங்கிலத்தில் அயர்லாந்து. பிரிட்டிஷ் அரசு பல காலம் ஆங்கிலத்திலும் ஏரே என்றே, அதுவும் ஃபாடா இல்லாமல், எழுதியது. 'அயர்லாந்து' என்றால் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தும் அதில் அடங்கிவிடுமே என்ற தயக்கம். 'அயர்லாந்துக் குடியரசு' என்பது 1949 ஏப்ரல் 18 முதல் நடைமுறைக்கு வந்த விவரணை. அரசமைப்புப் பெயர் அன்று. வடக்கிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அதை எழுதுகிறேன்.

பிரிட்டனுடனான அந்த ஒப்பந்தத்தை ஏற்பதா என்பதில் மூண்ட உள்நாட்டுப் போர் பற்றிய அத்தியாயத்தில், ஒப்பந்தத்தை எதிர்த்த டி வலேராவின் தரப்பினரை மொழிபெயர்ப்பாளர் 'ஒழுங்கற்றவர்கள்' என்று எழுதியிருந்தார். 1922-ல் அரசுத் தரப்பு தன் எதிரிகளைக் 'குடியரசுவாதிகள்' என்று பத்திரிகைகள் எழுதக் கூடாது என்பதற்காகப் புழக்கத்தில் விட்ட சொல்லின் நேர்மொழிபெயர்ப்பு அது. தமிழில் அது இரட்டிப்பு வசையாகிறது. 'ஒப்பந்த எதிர்ப்பாளர்கள்' என்று மாற்றினேன். எதிர்த்தரப்பு 'ஒப்பந்த ஆதரவாளர்கள்' ஆயிற்று.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே ஒரு பெயர்த்தாள் கேட்டு வாங்குகிறேன்: மூல வடிவம், கையெழுத்து வடிவம், ஒலிப்பு, தமிழ் வடிவம், எந்த ஆண்டில் என்ன பதவி. ஒரு மனிதருக்கு ஒரு வரி. அதை நிரப்ப ஒரு பிற்பகல் போதும். அச்சுக்குப் போகும் நேரத்தில் நாற்பது பக்கங்களைத் திறந்து மாற்றுவதைவிட அது எளிது.

கடைசியாக அடைவில் ஒரு வழக்கு மிஞ்சியது. 'டி' என்பது ஸ்பானிய மரபில் 'இன்னாருடைய' என்று பொருள்படும் ஒட்டு. அந்த மரபில் வகரத்தின் கீழ் வலேரா என்று சேர்க்கலாம். ஆனால் அயர்லாந்தின் வாழ்க்கை வரலாற்று அகராதி அவரை 'டி'யோடு சேர்த்தே வரிசைப்படுத்துகிறது. நானும் டகரத்தின் கீழ் வைத்தேன். மொழிபெயர்ப்பாளருக்கு 'ஈமான்' மீது முப்பது ஆண்டுப் பழக்கத்தின் பற்று இருந்தது. தொலைபேசியில் நெடுநேரம் பேசிய பின், ஈகார வரிசையில் அவருக்காக ஒரு வரி விட்டுக்கொடுத்தேன்: 'ஈமான்: காண்க, டி வலேரா, ஏமன்.' எகர வரிசையில் மட்டும் எதையும் விடவில்லை.